அம்மாவின் 120 நாள், என் 82 நாள்

போன செப்டம்பரில் எனக்கு 59 வயது நிறைந்தது. வீட்டில் அதை யாரும் பெரிதாகக் கொண்டாடவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் எனக்குள் ஒரு கணக்கு அன்றோடு முடிந்தது. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1252ஆம் எண், நோன்புக் கடமை 18 வயது நிறைந்தவர்களுக்கு, அவர்களுடைய 60ஆவது வயது தொடங்கும் வரைக்கும் என்று சொல்கிறது. 60ஆவது வயது தொடங்குவது 59ஆவது பிறந்தநாளில். 60 நிறையும் வரை என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் சில ஆண்டுகளுக்கு முன்பு வரை அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஆக, இந்த 2026 பிப்ரவரி 18, உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தைய தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன், எனக்கு ஒருசந்திக் கடமை தீர்ந்த பிறகு வந்த முதல் சாம்பல் புதன்.

ஒருசந்தி என்ற சொல்லை இப்போது கோயிலில் அதிகம் கேட்க முடிவதில்லை. நோன்பு என்கிறார்கள், உபவாசம் என்கிறார்கள். நான் ஞானோபதேசம் (மறைக்கல்வி) படித்த காலத்தில் இரண்டு சொற்களைத் தெளிவாகப் பிரித்துச் சொல்லித் தந்தார்கள். ஒருசந்தி என்றால் நாளில் ஒரே ஒரு முழுச் சாப்பாடு. சுத்தபோசனம் என்றால் இறைச்சி சேர்க்காத சாப்பாடு. ஒன்று அளவைப் பற்றியது, மற்றது வகையைப் பற்றியது. இந்த இரண்டும் குழம்பிப்போனதால்தான் பாதிக் கேள்விகள் வருகின்றன. வெள்ளிக்கிழமை மூன்று வேளையும் வயிறாரச் சாப்பிட்டாலும் இறைச்சி இல்லையென்றால் சுத்தபோசனம் நிறைவேறிவிட்டது. அன்று ஒருசந்தி கடமை இல்லை. ஒருசந்தியும் சுத்தபோசனமும் சேர்ந்து வருவது ஆண்டில் இரண்டே நாள்தான்: சாம்பல் புதன், பெரிய வெள்ளி. சுத்தபோசனம் 14 வயது நிறைந்தவுடன் தொடங்குகிறது, அதற்கு மேல் எல்லை இல்லை. 90 வயதிலும் அது உண்டு. ஒருசந்திக்குத்தான் மேல் எல்லை. (நான் சொல்வதெல்லாம் லத்தீன் வழிபாட்டு முறையினருக்கான சட்டம். கீழைத் திருச்சபைகளுக்குத் தனி ஒழுங்கு உண்டு.)

நான் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவள். அதனால் கூட்டிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. எனக்கு 18 நிறைந்தது 1984 செப்டம்பரில். முதல் கடமை 1985 தவக்காலம். கடைசி 2025. மொத்தம் 41 தவக்காலங்கள், ஆண்டுக்கு இரண்டு நாள், ஆக 82 நாள். பிள்ளைகள் வயிற்றில் இருந்த, பால் கொடுத்த ஆண்டுகளில் நான் ஒருசந்தி இருக்கவில்லை. அதைக் கழித்தால் இன்னும் குறையும். ஒரு முழு வாழ்நாளுக்குத் திருச்சபை என்னிடம் கேட்டது மூன்று மாதம்கூட இல்லை.

அப்புறம் அம்மாவின் கணக்கைப் போட்டேன்.

அம்மாவுக்கு இந்த ஜனவரியில் 84 நிறைந்தது. அவர் இளவயதில் இருந்தபோது நடப்பில் இருந்தது 1917ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு. அதில் ஒருசந்திக் கடமை 21 வயதில் தொடங்கும், சுத்தபோசனம் ஏழு வயதிலேயே. தவக்காலத்தில் ஞாயிறு நீங்கலாக எல்லா நாளும் ஒருசந்தி. சாம்பல் புதனும், தவக்கால வெள்ளியும் சனியும் அதோடு சுத்தபோசனமும். பெந்தகோஸ்து, மரியாளின் விண்ணேற்பு, சகல புனிதர், கிறிஸ்து பிறப்பு ஆகிய திருநாள்களுக்கு முந்தைய நாள்களிலும் இரண்டும் உண்டு. ஆண்டுக்கு நான்கு முறை வரும் காலாண்டு நோன்பு நாள்கள் இவற்றுக்கு மேல். ஆயர்கள் தளர்வு கொடுத்த இடங்கள் நிறைய. ஆனால் அம்மா தளர்வு கேட்கிற ஆள் இல்லை. அவருக்கு 21 நிறைந்தது 1963 ஜனவரியில். 1963, 1964, 1965 என்று மூன்று தவக்காலங்களை முழுதாகப் பிடித்தார். சாம்பல் புதனிலிருந்து உயிர்ப்பு ஞாயிறு வரை 46 நாள், அதில் ஆறு ஞாயிறு போக 40. மூன்று தவக்காலத்துக்கு 120 நாள்.

என் 41 ஆண்டுகளை அவர் மூன்றே ஆண்டுகளில் தாண்டிவிட்டார்.

1966 பிப்ரவரி 17ஆம் தேதி திருத்தந்தை ஆறாம் பவுல், பெனித்தேமினி என்ற ஆவணத்தின் மூலம் இந்த முழு ஒழுங்கையும் மாற்றினார். கட்டாய ஒருசந்தி இரண்டு நாளுக்குச் சுருங்கியது. தவம் சுருங்க வேண்டும் என்பதற்காக அல்ல. ஆவணத்தை நிதானமாக வாசித்தால், தவம் செய்வது கடவுளே தந்த கட்டளை, அதை ஒவ்வொருவரும் தன் நிலைக்கு ஏற்றபடி செபத்தாலும் நோன்பாலும் இரக்கச் செயலாலும் நிறைவேற்ற வேண்டும் என்றுதான் அது வற்புறுத்துகிறது. அந்தத் தவக்காலத்தில் நான் அம்மாவின் வயிற்றில் இருந்தேன். அதனால் பழைய ஒழுங்கே தொடர்ந்திருந்தாலும் அவர் அந்த ஆண்டு விலக்கு பெற்றவர்தான். "உன்னாலதான் அந்த வருஷம் விட்டுப்போச்சு" என்று சிறுவயதில் என்னிடம் சொல்வார். குறையாகச் சொன்னாரா, செல்லமாகச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

சட்டம் மாறியும் அம்மா மாறவில்லை. சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் காலையில் தண்ணீர், மதியம் ஒரு சாப்பாடு, இரவு தண்ணீர். நானும் அதையே பிடித்துக்கொண்டேன். இங்கேதான் நான் எழுத வந்த விஷயம் இருக்கிறது.

1966 ஆவணம் ஒருசந்தியை விளக்கும்போது, ஒரே ஒரு முழுச் சாப்பாடு என்று சொல்லிவிட்டு, காலையிலும் மாலையிலும் சிறிது உணவு எடுத்துக்கொள்வதை அது தடுக்கவில்லை என்றும் சேர்த்துச் சொல்கிறது. எவ்வளவு என்பதை அந்தந்த இடத்து ஏற்கப்பட்ட வழக்கத்துக்கு விட்டுவிடுகிறது. இந்தச் "சிறிது உணவு" ஏதோ நவீன காலத்துச் சலுகை என்று நான் பல ஆண்டு நினைத்திருந்தேன். அப்படி இல்லை. பழங்காலத்தில் நோன்பு நாளின் ஒரே சாப்பாடு சூரியன் சாய்ந்த பிறகுதான். பிறகு அது ஒன்பதாம் மணிக்கு, அதாவது பிற்பகல் மூன்று மணிக்கு வந்தது. 13ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் புனித தாமஸ் அக்வினாஸ் எழுதும்போது அந்த நேரத்தைத்தான் சொல்கிறார். பிறகு இன்னும் முன்னேறி நண்பகலுக்கு வந்தது. ஆங்கிலத்தில் நண்பகலை "நூன்" என்கிறார்களே, அந்தச் சொல்லே ஒன்பதாம் மணியைக் குறிக்கும் லத்தீன் "நோனா"விலிருந்து வந்ததுதான். சாப்பாடு முன்னால் வர வர அதற்குப் பிறகு பசித்திருக்கும் நேரம் நீண்டது. பகலெல்லாம் வயலில் வேலை செய்த துறவிகள் மாலையில் ஒன்றுகூடி, பழங்காலத் துறவி யோவான் காசியானின் "உரையாடல்கள்" வாசிக்கக் கேட்பார்கள். அந்த நூலுக்கு லத்தீனில் "கொல்லாசியோனெஸ்" என்று பெயர். அப்போது தாகத்துக்குக் கொஞ்சம் குடிக்க அனுமதித்தார்கள். வெறும் வயிற்றில் குடிப்பது ஆகாது என்று கூடவே ஒரு கடி ரொட்டி. நூலின் பெயரே அந்தச் சிறு உணவுக்கும் ஒட்டிக்கொண்டது, கொல்லாசியோ என்று.

வேலை செய்கிற உடம்பைப் பார்த்து, வாசித்து முடித்த கையோடு கொடுத்த ஒரு கடி ரொட்டி. நான் அதைத்தான் 41 ஆண்டுகளாக வேண்டாம் என்று தள்ளிவந்தேன். யாரும் கேட்காத கடுமை அது.

அதனால் யாருக்கு என்ன என்று கேட்கலாம். எனக்கும் அந்தக் கேள்வி வரவே இல்லை, 2019 பெரிய வெள்ளி வரைக்கும்.

அம்மா சர்க்கரை நோயாளி. இன்சுலின் போட்டுக்கொள்பவர். அப்போது 77 வயது. சட்டப்படி அவருக்கு 59 ஆனபோதே கடமை தீர்ந்துவிட்டது. நோயாளி என்பதால் இரட்டை விலக்கு. அன்று காலை ஊசியைப் போட்டுக்கொண்டு, சாப்பிட்டுவிட்டேன் என்று என்னிடம் சொன்னார். நான் நம்பிச் சிலுவைப்பாதைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். பதினோரு மணிக்கு நாற்காலியில் வியர்த்து நனைந்து கிடந்தார். நாக்கு குழறியது. என்னை என் பெரியம்மாவின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். சர்க்கரை கரைத்துக் கொடுத்து, அவர் கண் தெளிந்து என்னைப் பார்க்கும் வரை ஆன அந்த இருபது நிமிடத்தை நான் இப்போதும் நினைக்க விரும்புவதில்லை. தட்டு அடுப்படியில் மூடியபடி இருந்தது. தொடவே இல்லை.

மறு வாரம் பங்குத்தந்தை வீட்டுக்கு வந்தார். அவர் திட்டவில்லை. புனித ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) தம் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கின் 49ஆம் அதிகாரம் தவக்காலத்தைப் பற்றியது. தவக்காலத்தில் நீ எதை ஒறுக்கப் போகிறாய் என்பதை முதலில் மடாதிபதியிடம் சொல், அவருடைய செபத்தோடும் சம்மதத்தோடும் செய், ஞானத் தந்தையின் அனுமதி இல்லாமல் செய்வது வீண் பெருமைக் கணக்கில்தான் சேரும் என்று அதில் இருக்கிறது. அதை அம்மாவுக்குச் சொல்லிவிட்டு, "அம்மா, ஒருசந்தி அன்னிக்குச் சாப்பிடறதுதான் இனி உங்க ஒருசந்தி. கஷ்டமா இருக்கும். அதை ஒப்புக்கொடுங்க" என்றார். அம்மா தலையாட்டினார்.

அம்மா கீழ்ப்படிந்தார். அடுத்த ஆண்டிலிருந்து இரண்டு நாளும் சாப்பிட்டார். ஆனால் எப்படி? நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டியபடி. வேகவேகமாக, திருடிச் சாப்பிடுகிற பிள்ளை மாதிரி. நான் ஒருசந்தியில் இருப்பவள், பக்கத்தில் நின்றுகொண்டு மாத்திரையை எடுத்துக் கொடுப்பேன். அவர் சாப்பிட்டு முடிக்கும் வரை காத்திருப்பேன். அவர் ஏன் திரும்பி உட்காருகிறார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒன்றும் செய்யவில்லை. என் காலைத் தண்ணீர் எனக்கு அவ்வளவு பெரிதாக இருந்தது.

சாம்பல் புதன் நற்செய்தி மத்தேயு 6ஆம் அதிகாரம். நோன்பிருக்கும்போது முகவாட்டமாக இருக்காதே, தலைக்கு எண்ணெய் தேய்த்து முகத்தைக் கழுவு, நீ நோன்பிருப்பது மனிதருக்குத் தெரிய வேண்டாம். ஆண்டுதோறும் கேட்கிறேன். அலுவலகத்தில் நான் நோன்பை யாருக்கும் காட்டியதில்லை. தேநீர் வந்தால் இப்போது வேண்டாம் என்பேன், அவ்வளவுதான். அதில் எனக்கு நல்ல மனநிறைவு. ஆனால் யார் கண்ணில் என் நோன்பு உறுத்தியதோ, அவர் என் வீட்டில், என் முன்னால் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

போன ஆண்டு, சாம்பல் புதனுக்கு அடுத்த வெள்ளி. அன்றைய முதல் வாசகம் எப்போதும் எசாயா 58. பசித்தவருக்கு உணவைப் பகிர்வதும், வீடற்றவரை வீட்டுக்கு அழைத்து வருவதும், உடையற்றவரை உடுத்துவதும்தான் நான் விரும்பும் நோன்பு என்று ஆண்டவர் சொல்லும் பகுதி. அதைப் பலரும் எடுத்துச் சொல்வார்கள். ஆனால் ஏழாம் வசனத்தின் கடைசித் துண்டை யாரும் அழுத்திச் சொல்லி நான் கேட்டதில்லை: உன் சொந்த இரத்த உறவிடமிருந்து உன்னை மறைத்துக்கொள்ளாமல் இருப்பது. அன்று வாசித்த பெண் அந்த இடத்தில் சற்று நிறுத்திவிட்டு வாசித்தார். மூச்சு வாங்கத்தான் நிறுத்தியிருப்பார். எனக்கு அது போதுமாக இருந்தது.

கோயிலிலிருந்து திரும்பும்போது நினைவுக்கு வந்தது, எப்போதோ படித்த புனித பிரான்சிஸ் அசிசியாரின் வாழ்வில் ஒரு நிகழ்ச்சி. ஒரு நள்ளிரவில் சகோதரர் ஒருவர் "சாகிறேன், பசியால் சாகிறேன்" என்று கத்தினார். மற்றவர்கள் விழித்துக்கொண்டார்கள். கடும் நோன்பிருந்த காலம் அது. பிரான்சிஸ் அவரைக் கண்டிக்கவில்லை. மேசை போடச் சொன்னார். அந்தச் சகோதரர் மட்டும் தனியாகச் சாப்பிட்டால் வெட்கப்படுவாரே என்று, தாமும் உட்கார்ந்து அவரோடு சாப்பிட்டார், மற்றவர்களையும் சாப்பிடச் சொன்னார். இதைப் பல முறை படித்திருக்கிறேன். பிரான்சிஸ் எவ்வளவு நல்லவர் என்று வியந்திருக்கிறேன். மூடிய தட்டும் சுவர்ப் பக்கம் திரும்பிய நாற்காலியும் எனக்கு அதில் ஒருமுறையும் தெரியவில்லை.

இதில் எனக்கு மிகவும் வலிப்பது எது என்றால், அம்மாவோடு உட்கார நான் சட்டத்தை மீற வேண்டிய தேவையே இருந்ததில்லை. காலையில் ஒரு சிறு துண்டு. அதற்குச் சட்டமே இடம் கொடுத்திருந்தது. 1966இலிருந்து இடம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. நான்தான் அந்த இடத்தை மூடி வைத்திருந்தேன்.

கடுமை தவறு என்று நான் சொல்லவில்லை. தண்ணீரும் ரொட்டியும் மட்டும் எடுத்து 40 நாளும் பிடிப்பவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள், அவர்கள் முகம் மலர்ந்துதான் இருக்கிறது. இப்போது இருப்பது மிகவும் இளகிய சட்டம், பழையதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று சொல்பவர்களின் ஆதங்கமும் எனக்குப் புரிகிறது. இங்கிலாந்து, வேல்ஸ் ஆயர்கள் 2011 செப்டம்பரில் ஆண்டு முழுவதும் வெள்ளிக்கிழமை இறைச்சி தவிர்ப்பதைத் திரும்பக் கொண்டுவந்தபோது நான் மகிழ்ந்தேன். வெள்ளிக்கிழமை தவநாள் என்பது எப்போதுமே நீக்கப்படவில்லை. சட்டத்தின் 1250ஆம் எண் ஆண்டின் எல்லா வெள்ளியையும் தவநாளாகத்தான் வைத்திருக்கிறது. வேறு உணவையோ வேறு தவச் செயலையோ மாற்றாகச் சொல்ல ஆயர் பேரவைகளுக்கு உரிமை உண்டு, அவ்வளவுதான். பெருவிழா வெள்ளியில் விழுந்தால் மட்டும் விலக்கு. 2022இல் மார்ச் 25, மங்கள வார்த்தைப் பெருவிழா, வெள்ளிக்கிழமை வந்தது நினைவிருக்கும்.

மீன் ஏன் இறைச்சி இல்லை என்று என் மகள் வழக்கமாகக் கேட்பாள். லத்தீனில் கார்னே என்று சட்டம் சொல்வது விலங்கு, பறவைகளின் சதையை. நீரில் வாழும் மீன் அதில் சேராது. கோழி சேரும். ஆனால் விலை உயர்ந்த மீனை வாங்கி வெள்ளிக்கிழமை விருந்து வைப்பதைச் சட்டம் தடுக்காது என்பதால் அது சரி என்று ஆகிவிடாது. முட்டையும் பாலும்கூட ஒரு காலத்தில் தவக்காலத்தில் தடை. அக்வினாஸ் அவற்றையும் சேர்த்துத்தான் எழுதுகிறார். 1917 சட்டம் முட்டையையும் பாலையும் அனுமதித்தது.

இந்த ஆண்டு சாம்பல் புதனுக்கு முந்தைய சனிக்கிழமை ஒப்புரவு அருட்சாதனத்துக்கு, அதாவது பாவசங்கீர்த்தனத்துக்கு, போனேன். ஆசீர்வாதப்பர் சொன்ன முறைப்படி முதலில் கேட்டுவிடலாம் என்று. "ஃபாதர், எனக்கு இனி ஒருசந்தி கடமை இல்லை. விடணுமா, தொடரணுமா?" உடம்பு எப்படி என்று கேட்டார். இரத்த அழுத்த மாத்திரை மட்டும் என்றேன். வீட்டில் யார் என்று கேட்டார். அம்மாவைப் பற்றிச் சொன்னேன், நாற்காலியைப் பற்றியும். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "தொடருங்க. ஆனா காலையில அம்மாகூட உட்கார்ந்து கொஞ்சம் சாப்பிடுங்க. மதியம் ஒரு சாப்பாடு. மிச்சமாகிற காசை யாருக்காவது கொடுங்க" என்றார். திருத்தந்தை பெரிய சிங்கராயர் (லியோ) தம் நோன்புகால மறையுரைகளில் ஒருவருடைய நோன்பு இன்னொருவருடைய உணவாக வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். பாவசங்கீர்த்தனத் தொட்டியிலிருந்து எழுந்து வரும்போது, 41 ஆண்டுகளில் அந்தக் காசை நான் ஒருமுறையும் எண்ணி எடுத்து வைத்ததில்லை என்பது உறைத்தது. கணக்குப் பார்க்கிறவள் நான்.

புதன்கிழமை காலை ஏழரை மணி. ஊசி போட்டு முடித்து அம்மாவுக்குத் தட்டை வைத்தேன். அவர் வழக்கம்போல் நாற்காலியைத் திருப்பப் போனார். நான் இன்னொரு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு, எனக்கும் ஒரு தட்டில் ஒரு ரொட்டித் துண்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"இன்னிக்குச் சாம்பல் புதன். மறந்துட்டியா?"

"மறக்கலைம்மா."

என் தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கை நீட்டி என் துண்டை எடுத்து இரண்டாகப் பிய்த்து, ஒரு பாதியை எனக்கு வைத்துவிட்டு மறு பாதியைப் பாத்திரத்தில் திரும்பப் போட்டார்.

"ஒருசந்திக்கு இது போதும்" என்றார். அப்புறம் நாற்காலியைத் திருப்பாமலேயே சாப்பிட ஆரம்பித்தார்.